படம் மலிவு, பதிவுதான் செலவு

அருங்காட்சியகச் சேகரிப்பை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், முதல் வாரம் கேமரா விலைப்பட்டியல் பக்கமே போகாதீர்கள். வரவுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போங்கள். ஏதாவது ஓர் அலமாரியில் ஐம்பது பொருள்களைப் பார்த்து, அவற்றின் எண் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒரே எண் இரண்டு பொருள்களில் இருக்கும். சிலவற்றில் எண்ணே அழிந்திருக்கும். ‘வெண்கலச் சிலை, சிறியது’ என்பதோடு சில பதிவுகள் முடிந்துவிட்டிருக்கும். கிடைத்த இடம் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றிருக்கும். அந்த ஜில்லாவோ இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கிறது. ஐம்பதில் எத்தனை பதிவுகள் பழுது என்று எண்ணுங்கள். திட்டத்தின் உண்மையான செலவு ஏறக்குறைய அப்போதே தெரிந்துவிடும்.

படம் எடுப்பதும் அதைச் சேமிப்பதும் பெரிய செலவில்லை. 5 கோடி பிக்சல் கேமராவில் எடுத்து டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு படம் சுமார் 150 எம்பி. 10,000 பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் 4 கோணம் என்றால் 6 டிபி. மூன்று பிரதிகள் வைத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வைத்தாலும் மொத்தம் 18 டிபிதான். கடைக்குப் போனால் அன்றைக்கே வன்தட்டு வாங்கிவிடலாம். ஆனால் அந்த 10,000 பொருள்களையும் யாராவது எடுத்து, அளந்து, எடைபோட்டு, விரிசலைக் குறித்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியாக வேண்டுமே. நாளுக்கு 20 என்று வைத்தால் 500 வேலைநாள்கள். விடுமுறை போக இரண்டு ஆண்டு. நாணயங்கள் வேகமாக ஓடும். கனத்த வெண்கலச் சிலையை மேடையிலிருந்து இறக்குவதற்கே நாலு பேர் வேண்டும். திட்ட அறிக்கையில் ‘சராசரி’ என்று ஒரே எண்ணைப் போடாமல், பொருள்வகை வாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

பெரிய இடத்துக் கணக்கு ஒன்றும் கையில் இருக்கட்டும். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் தன் முழுச் சேகரிப்பையும் இணையத்துக்குக் கொண்டுவரப்போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. ஏற்றவோ திருத்தவோ வேண்டிய பதிவுகள் 24 லட்சம். காலம் 5 ஆண்டு. மதிப்பீடு 1 கோடி பவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு பதிவுக்கு 4 பவுண்டு சொச்சம், அன்றைய மதிப்பில் 400 ரூபாய்க்குச் சற்று மேல். அங்கே ஆளும் தரவுத்தளமும் ஏற்கெனவே இருந்தன. புதிதாகத் தொடங்கும் இடத்தில் இந்த விலைக்கு முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த அறிவிப்பு வந்த காரணத்தை உங்கள் மேலதிகாரிக்கு அவசியம் சொல்லுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், சுமார் 2,000 பொருள்கள் திருடுபோயோ காணாமலோ சேதமாகியோ போனது வெளியே தெரிந்தது. பெரும்பாலும் முறையாகப் பதிவு செய்யப்படாத சிறு மணிக்கற்களும் நகைகளும். பதிவே இல்லாத பொருளை எடுத்தால் யாருக்குத் தெரியும்? துப்புக் கிடைத்ததும் இணையத்தால்தான். டென்மார்க்கைச் சேர்ந்த பழம்பொருள் வணிகர் இட்டாய் கிராடெல், ஈபேயில் விலைக்கு வந்த செதுக்குக்கல் துண்டு ஒன்று மியூசியத்தின் இணையதளத்தில் இருப்பதைக் கண்டுகொண்டார். 2021இலேயே எச்சரித்தார். ‘எல்லாம் பத்திரமாக இருக்கின்றன’ என்றுதான் அப்போது பதில் போனது!

நம்மூருக்கு நெருக்கமான சான்றும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்தே கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வைத்தார்கள். கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த படத்தில் ஒரு திருமங்கை ஆழ்வார் இருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கியது அந்த ஆழ்வாரைத்தான் என்று பல்லாண்டு கழித்து ஆய்வாளர் ஒருவர் அந்தப் படத்தைக் கொண்டு காட்டினார். சிலையை இந்தியாவுக்குத் திருப்பித் தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாமல் படம் மட்டும் இருந்திருந்தால் அது வெறும் அழகான புகைப்படம்.

‘வருமானம் வருமா?’ என்ற கேள்வியும் வரும். படம் விற்று வருமானம் பார்க்கலாம் என்ற நினைப்பைத் தொடக்கத்திலேயே கைவிடச் சொல்லுங்கள். விண்ணப்பம் வாங்கி, அனுமதி எழுதி, பில் போட்டு, பணத்தைத் துரத்துவதற்கே ஆள் சம்பளம் போய்விடும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தரமான கோப்புக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்குள் ஃபெர்மீரின் பால்காரி ஓவியத்தின் மஞ்சள் படிந்த மோசமான நகல்கள் இணையமெங்கும் பரவி, மியூசியக் கடையில் விற்ற சரியான நிற அஞ்சலட்டையைப் பார்வையாளர்கள் நம்ப மறுக்கும் நிலை வந்திருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017இல் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இன்றித் திறந்தது. பிரிட்டிஷ் மியூசியமோ வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தையே வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனம் எந்த வழி என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உத்தரவு அதிகாரி மாறும்போது கூடவே மாறிவிடும்.

நவீன ஓவியங்கள் இருந்தால் கவனம். இந்தியாவில் பதிப்புரிமை படைப்பாளி மறைந்து 60 ஆண்டு நீடிக்கும். கே.சி.எஸ். பணிக்கர் மறைந்தது 1977இல். அவர் ஓவியங்கள் 2037 முடியும்வரை பொதுச்சொத்து ஆகா. ஓவியம் உங்கள் சுவரில் தொங்குவதாலேயே படத்தை வெளியிடும் உரிமை வந்துவிடாது.

பொதுப்பக்கத்தில் போடக்கூடாதவை: எந்த அறை, எந்த அலமாரி என்ற விவரம், காப்பீட்டு மதிப்பு, நன்கொடையாளரின் முகவரி. இவற்றுக்குத் தனிப் புலம் வைத்து, உள்ளே மட்டும் தெரியும்படி பூட்டிவிடுங்கள்.

திட்ட நிதி தீர்ந்தபின் வரும் செலவைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். தளத்தைப் பாதுகாப்பதும் அதில் அடக்கம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தைக் கணினிக் கொள்ளையர்கள் தாக்கினார்கள். அவர்கள் கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. தேடத்தக்க வடிவில் நூற்பட்டியல் திரும்பி வர 2024 ஜனவரி ஆயிற்று. அத்தனை பெரிய இடத்துக்கே அப்படி. சர்வர் வாடகை, டொமைன் புதுப்பிப்பு, மென்பொருள் மேம்பாடு, பிரதிகள் கெடாமல் இருக்கின்றனவா என்ற ஆண்டுச் சோதனை எல்லாவற்றையும் ‘தொடர்செலவு’ என்ற தனித் தலைப்பில் முதல் நாளே போடுங்கள். ஒருமுறைச் செலவு என்று காட்டி அனுமதி வாங்கிய இணையதளம் சில ஆண்டில் காணாமல் போகும்.

இந்தத் துறையில் வேலை தேடுகிறவர்களுக்கு: அருங்காட்சியகவியல் படிப்பு பரோடாவிலும் கல்கத்தாவிலும் நெடுங்காலமாக நடக்கிறது. பட்டம் இல்லாவிட்டாலும் வரலாறும் எக்ஸெல்லும் தெரிந்து, பழைய கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இடமுண்டு. வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் கிடைக்கும். நேர்முகத் தேர்வில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஒப்பந்தம் முடிந்தபின் இந்தத் தளத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ பதில் வரவில்லை என்றால் இணையதள அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் காலத்துக்குள் பதிவேட்டைச் சரிசெய்து, அதன் அச்சுப்பிரதி ஒன்றைக் காப்பாட்சியரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.