ஜெர்மானியக் கவச வண்டிகளின் வலிமையும் மெலிவும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலையிற் பெரிய தேர் ஓடுவதை எம் மாணவர் சிலருடன் காணச் சென்றிருந்தோம். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கினர். எனினும் அத்தேர் தெருமுனையிற் சரியாகத் திரும்புவது அவர் தோள்வலியால் மட்டுமன்று. சக்கரத்தின் அருகே குனிந்த வண்ணம் ஓடிவந்து முட்டுக்கட்டை இடுவோர் சிலர் உளர். அவர் ஒரு நொடி தவறினும் தேர் வீட்டுச் சுவரில் மோதும். பிற்பகலிற் கூட்டத்தினின்று விலகிச் செங்கம் சாலை வழியே நடந்து, இரமணாசிரமத்தைக் கடந்து, சமுத்திரம் ஏரிக்கரையில் அமர்ந்தோம். அங்கேதான் ஒரு மாணவர், "ஐயா, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் செய்த டைகர் டாங்கியை எதிர்த்து நிற்க ஒருவராலும் இயலவில்லை என்கிறார்களே. அங்ஙனமாயின் அவர்கள் தோற்றது ஏன்?" என வினவினார். அன்று யாம் சுருக்கமாகக் கூறிய விடையைச் சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறவேண்டும். யுத்தத்தின் தொடக்கத்தில் ஜெர்மானியர் வென்றது கனத்த வண்டிகளைக் கொண்டன்று. 1919 ஆம் ஆண்டின் வெர்செயில்ஸ் உடன்படிக்கை அவர்கள் டாங்கி வைத்திருத்தலையே விலக்கியிருந்தது. மறைவாகப் பயின்று, 1930 களில் வெளிப்படையாகச் செய்யத் தொடங்கிய அவர்தம் வண்டிகள், 1940 இற் பிரான்சின் மீது படையெடுத்த காலத்திற் பெரும்பாலும் சிறியனவே. பிரெஞ்சுக்காரரின் கனத்த டாங்கிகளின் கவசம் அவற்றினும் தடித்தது, பீரங்கியும் தாழ்ந்ததன்று. ஆயினும் தோற்றவர் பிரெஞ்சுக்காரரே.

காரணம் யாதெனின், பிரெஞ்சு டாங்கியின் மேற்கூண்டில் ஒருவனே இருந்தான். பகைவனைத் தேடுவோனும் அவனே, குண்டு இடுவோனும் அவனே, சுடுவோனும் அவனே. தேரின் முன் நின்று குரல் கொடுப்பவனே ஓடி வந்து கட்டையும் இட்டு வடமும் இழுக்கவேண்டுமெனின் தேர் நிலை சேருமோ? ஜெர்மானியர் தம் மூன்றாம், நான்காம் பான்சர் வண்டிகளின் மேற்கூண்டில் மூவரை அமர்த்தினர். தலைவன் நாற்புறமும் பார்த்து ஆணையிடுவான். ஒருவன் குறி பார்ப்பான். ஒருவன் குண்டு இடுவான். கீழே வண்டியோட்டி ஒருவனும் வானொலி இயக்குவோன் ஒருவனும். ஏறக்குறைய வண்டிதோறும் வானொலி இருந்தமையால் ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒரே உடல்போல் இயங்கிற்று. அவர்தம் குறிநோக்கிக் கண்ணாடிகளும் சிறந்தவை. இவையே அவர்களது உண்மையான வலிமை என்பது எம் கருத்து. பிற்காலத்து வண்டிகளின் பருமன் கண்ணைக் கவர்வதால் இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

1941 ஜூனில் அவர்கள் ருஷ்யாவினுட் புகுந்தபோது நிலைமை மாறிற்று. ருஷ்யரின் டி-34 என்னும் டாங்கியைத் தம் சிறு பீரங்கிகள் துளைக்காமை கண்டு திகைத்தனர். அவ்வண்டியின் முகப்புத் தகடு சாய்வாக அமைந்திருந்தது. சாய்வினால் ஆவது என்ன? ஒரு பலகையை நேரே துளைப்பதைவிடச் சாய்த்துவைத்துத் துளைத்தால் ஆணி கடக்கவேண்டிய தொலைவு மிகும். 80 மில்லிமீட்டர்த் தகட்டைச் செங்குத்தினின்று 55 பாகை சாய்த்தால், நேரே வரும் குண்டுக்கு அது ஏறக்குறைய 140 மில்லிமீட்டர்த் தடிப்பாகும். மேலும் குண்டு வழுக்கித் தெறித்தலும் உண்டு. இப்பாடத்தைக் கற்று ஜெர்மானியர் செய்ததே பேந்தர். அதன் முகப்பு யாம் கூறிய அளவினதே.

டைகரின் வரைவோ அதற்கு முன்னரே தொடங்கியது. ஆதலின் அதன் தகடுகள் பெரும்பாலும் செங்குத்தானவை. சாய்வுக்கு ஈடாகத் தடிப்பைக் கூட்டினர். முகப்பு 100 மில்லிமீட்டர், பக்கம் 80. விமானங்களைச் சுடுவதற்கென எழுந்த 88 மில்லிமீட்டர்ப் பீரங்கியின் இனத்ததை அதில் ஏற்றினர். ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் பகைவர் டாங்கிகள் பலவற்றை அது துளைக்க வல்லது. அத்தொலைவிலிருந்து அவை சுடும் குண்டோ இதன் முகப்பில் தழும்பிடுவதன்றிப் பிறிதொன்றும் செய்யாது. எம் மாணவர் கேள்வியுற்றது இதனையே. அது பொய்யன்று.

இனி மெலிவைக் காண்போம். டைகரின் எடை ஏறக்குறைய 57 டன். ஏரிக்கரையில் அமர்ந்து இதனைப் பேசுகையில் விளக்கம் எளிதாயிற்று. நீர் வற்றிய ஏரியின் சேற்றில் வெறுங்காலோடு நடப்பவன் சிறிதே புதைவான். பாரமேற்றிய கட்டைவண்டியின் இரும்புப் பட்டை அச்சு வரை அமிழும். எடையை அது நிலத்தைத் தொடும் பரப்பாற் பகுத்தால் வருவதே நிலத்தின் மீதுள்ள அழுத்தம். ஆதலின் டைகருக்கு 725 மில்லிமீட்டர் அகலமுள்ள சங்கிலிப் பட்டைகள் இட்டனர். அதனால் ஓரளவு சேற்றைக் கடந்தது. ஆனால் அவ்வகலத்துடன் இரயில் வண்டியில் ஏற்ற இயலவில்லை! ஏற்றுமுன் அகன்ற பட்டையைக் கழற்றி 520 மில்லிமீட்டர்ப் பட்டையை மாட்டவேண்டும். வெளிப்புறச் சக்கரங்களையும் கழற்றவேண்டும். இறக்கியபின் மீண்டும் மாற்றவேண்டும். பகைவர் நெருங்கிவரும் நிலையத்தில் இவ்வேலை செய்வோர் பாடு எத்தகையது என்பதை நினைத்துக் கொள்க.

சக்கரங்களைப் பற்றியும் சிறிது கூறல்வேண்டும். எடையைப் பரப்புவதற்காக மீன் செதில்போல் ஒன்றன்மீது ஒன்று கவிந்த சக்கர வரிசைகளை அமைத்தனர். ஓட்டம் மென்மையாயிற்று. ஆனால் ருஷ்யாவின் சேறு அவ்விடுக்குகளிற் புகுந்து இரவிற் பனியாய் உறைந்தால், காலையில் வண்டி அசையாது. உட்சக்கரம் ஒன்று பழுதுபடின் அதனை அடைவதற்கு வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றவேண்டும். 1942 ஆகஸ்டு இறுதியில் லெனின்கிராடு அருகே டைகர் முதன்முதல் களம் புகுந்தபோதே சதுப்பு நிலமும் இயந்திரக் கோளாறும் அதனை மடக்கிவிட்டன.

நின்ற வண்டியை மீட்டல் அதனினும் கடிது. ஒரு டைகரை இழுப்பதற்குப் பெரிய இழுவை வண்டிகள் இரண்டு மூன்று வேண்டும். மற்றொரு டைகரைக் கொண்டு இழுத்தலை விதி தடுத்தது. இழுக்கப் போனதும் பழுதுபடும் என்னும் அச்சம். இழுவை வண்டி கிட்டாதபோது தம் வண்டியைத் தாமே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு நடந்து செல்லுதலே வழி. அங்ஙனம் பகைவன் குண்டு படாமலே அழிந்தவை மிகப் பல.

பேந்தரின் வரலாறும் இத்தகையதே. 1943 ஜூலையில் குர்ஸ்க் போருக்கு அவசரமாக 200 பேந்தர்களை அனுப்பினர். பொறியில் தீப்பற்றியும், பட்டையைச் சுழற்றும் இறுதிப் பற்சக்கரங்கள் முறிந்தும், கண்ணிவெடியிற் சிக்கியும், ஒரு வாரத்துக்குள் ஓடும் நிலையில் எஞ்சியவை மிகச் சிலவே. 30 டன்னுக்கு எண்ணிய வண்டி 45 டன்னாய் வளர்ந்தது; பற்சக்கரங்கள் அதற்கேற்ப வளரவில்லை. அதே போரில் வந்த பெர்டினாண்டு என்னும் பீரங்கி வண்டியில் இயந்திரத் துப்பாக்கி ஒன்றும் இல்லை. காலாட்கள் அருகே வந்துவிடின் தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. இறுதியில் 188 டன் எடையில் ஒன்று செய்து அதற்குச் சுண்டெலி எனப் பொருள்படும் மௌஸ் என்னும் பெயரை இட்டனர். இரண்டு மாதிரிகளோடு அது நின்றது. அதனைப் பற்றி மேலும் எழுதுதல் வீண்.

எரிபொருள் கணக்கை நம் ஊர்த் தொலைவுகளால் அளப்போம். டைகரின் தொட்டி 540 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். திருவண்ணாமலையிலிருந்து நல்ல சாலையிற் புறப்பட்டால் சென்னையை எட்டும்போது தொட்டி ஏறக்குறைய வற்றியிருக்கும். வயலும் காடுமாகச் சென்றால் புதுச்சேரியை அடைவதே ஐயம். 1944 ஆகஸ்டில் ருமேனியாவின் எண்ணெய்க் கிணறுகளை இழந்த பின்னர் இக்குறை உயிர்க்குறையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஆர்டென் காடுகளிற் பெட்ரோல் இன்றியே டாங்கிகளைக் கைவிட்டு வீரர் கால்நடையாய்த் திரும்பினர்.

எண்ணிக்கையோ வெளிப்படை. முதல் டைகர் வகையில் ஏறக்குறைய 1,350. இரண்டாம் வகையில் 500 க்கும் குறைவு. பேந்தர் ஏறக்குறைய 6,000. அமெரிக்கர் செய்த ஷெர்மன் 49,000 அளவினது. ருஷ்யரின் டி-34 ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டது. ஷெர்மன் தனித்து நின்று டைகரை முகங்கொடுத்தால் தோற்கும். ஆனால் அது நாளை காலையும் ஓடும். பழுதுபட்டால் மாற்று உறுப்பு அருகிற் கிட்டும்.

இக்கதையில் நம்மவர்க்கு இடமில்லையோ எனின், மிக உண்டு. 1942 ஜூலை முதல் நாள், எகிப்தில் எல் அலமெய்னுக்குத் தெற்கே தெய்ர் எல் ஷெயின் என்னும் பள்ளத்தில், ஈராக்கிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 18 ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு ரோம்மலின் ஆப்பிரிக்கப் படையை எதிர்கொண்டது. அவர்களிடம் 25 பவுண்டர்ப் பீரங்கி 23, டாங்கி எதிர்ப்புப் பீரங்கி 16, மாட்டில்டா டாங்கி 9 இருந்தன. புழுதிப் புயலின் மறைவிற் பகைவர் கண்ணிவெடி வயலில் வழிவெட்டி உட்புகுந்தனர். மாலைக்குள் அப்பிரிவு அழிந்தது, பலர் சிறைப்பட்டனர். ஆயினும் ரோம்மலிடம் எஞ்சியிருந்த 55 டாங்கிகளில் 18 அன்று ஒழிந்தன. ஒரு பகற்பொழுது அவன் அங்கே நின்றுவிட்டமையால் எல் அலமெய்ன் அணியைச் செப்பனிட ஆங்கிலேயர்க்கு அவகாசம் கிடைத்தது. ஈடுசெய்ய முடியாத 18 வண்டிகள், இழந்த ஒரு பகல்! வரலாற்று நூல்களில் ஓரிரு வரியே பெறும் இச்செய்தியை யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

டாங்கிக்குப் பெரும் பகை மண்ணிற் புதைந்த கண்ணிவெடி. டாங்கிக்கென வைத்த பெரிய வெடி மனிதன் மிதித்தால் வெடியாது. ஆதலின் அதனை அகழ்ந்தெடுக்க வருவோரைக் கொல்லவென்றே சிறு வெடிகளையும் இடையிடையே புதைப்பர். எத்துணைப் பெரிய டாங்கிப்படையாயினும் அதற்கு முன்னே, கவசம் ஒன்றும் இன்றி, கையிற் கருவியோடு நடந்து வழி தேடுபவர் சாப்பர் எனப்படும் பொறியியற் படையினர். தேர்ச்சக்கரத்தின் முன் குனிந்து ஓடுவோரை எமக்கு நினைவூட்டியவர் இவர்களே.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர் படையில் தமிழர் பலர் இருந்தனர். அவருள் ஒருவர், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியம். 1944 பிப்ரவரி 24 ஆம் நாள் இத்தாலியில் மின்யானோ என்னுமிடத்திற் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது உடன்வந்த வீரர் ஒருவர் வெடியொன்றை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியம் அதன்மேற் பாய்ந்து தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர். ஜார்ஜ் கிராஸ் என்னும் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. காஞ்சிபுரம் இங்கிருந்து சில மணி நேரப் பயணமே. எம் மாணவர்களுள் டைகரின் பீரங்கி அளவை அறிந்தவர் நால்வர் இருந்தனர். இப்பெயரை அறிந்தவர் ஒருவரும் இலர்.

எடையைப் பற்றிய வழக்கு யுத்தத்தோடு முடியவில்லை. சென்னையை அடுத்த ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கி முதல் வகையில் 58.5 டன். 2021 பிப்ரவரியிற் சென்னையில் இராணுவத்தாரிடம் ஒப்புவிக்கப்பெற்ற புதிய வகை ஏறக்குறைய 68 டன். இதன் 1,400 குதிரைத்திறன் பொறி ஜெர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரத்து நிறுவனத்தாரது. டைகருக்கு 700 குதிரைத்திறன் பொறியை வகுத்த மேபாக் நிறுவனமே பிற்காலத்தில் இப்பெயர் மாறிய நிறுவனமாயிற்று. டைகரில் ஒரு டன்னுக்குப் பன்னிரண்டு குதிரைத்திறன். முதல் அர்ஜுனில் ஏறக்குறைய இருபத்துநான்கு. புதியதில் இருபத்தொன்றுக்குச் சற்றே குறைவு. கவசமும் கருவியும் கூடியபோது ஓட்டம் குறைந்தமை காண்க. பாலங்கள் தாங்குமோ, இரயில் வண்டியில் ஏறுமோ என்று டைகரைக் குறித்து எழுந்த கேள்விகளே அர்ஜுனைக் குறித்தும் எழுந்தன.

1943 ஏப்ரலில் டூனிசியாவில், நம் 4 ஆம் இந்தியப் படையும் போரிட்ட அந்நாட்டில், ஒரு டைகர் உயிரோடு பிடிபட்டது. ஆங்கிலேயரின் சிறு பீரங்கிக் குண்டொன்று கவசத்தைத் துளைக்கவில்லை. மேற்கூண்டு சுழலும் இடத்திற் சிக்கி அதனை அசையாது செய்தது. உள்ளிருந்தோர் இறங்கி ஓடினர். 131 என்னும் எண்ணுடைய அவ்வண்டி இன்றும் இங்கிலாந்தில் போவிங்டன் பொருட்காட்சிச் சாலையில் ஓடும் நிலையிற் காக்கப்படுகின்றது. ஆண்டுக்குச் சில நாள்களே, மிகுந்த எச்சரிக்கையோடு அதனை வெளியே கொணர்ந்து ஓட்டுகின்றனர். மற்ற நாளெல்லாம் அது நிலையிலேயே நிற்கின்றது.