தங்கமீனின் வால் அழுகுகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்



மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்கு எதையாவது வளர்க்க வேண்டும் என்ற ஆசை விடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக வீடுகள் மாறியபோதும் இதையே கண்டோம். புதிய இடத்தில் மாடு கட்ட இடமில்லை. தோட்டம் போட நிலமில்லை. ஆனால் ஒரு தொட்டித் தண்ணீருக்கு இடமுண்டு. அதனாலேயே சில வீடுகளில் பிள்ளைகள் தங்கமீன் வளர்க்கிறார்கள். சிலர் குஞ்சு பொரிக்க வைத்து விற்று, கொப்பி புத்தகச் செலவைச் சமாளிக்கிறார்கள்.

அந்த மீனின் வால் ஓரம் வெளுத்துக் கிழியத் தொடங்கினால் வீடே கவலைப்படும். இந்தப் பாடத்தில் அந்த நோயைப் பற்றிப் படிப்போம்.

1. நோயை அறிவது எப்படி?

துடுப்பழுகல் நோயில் முதலில் வாலின் அல்லது துடுப்பின் ஓரம் பால் போல வெளுக்கும். பின்பு நைந்த துணி போல நூல் நூலாகப் பிரியும். அடிப்பக்கத்தில் சிவப்புக் கோடுகள் தோன்றும். மீன் துடுப்பை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், இரை எடுக்காது.

வலையில் சிக்கியோ கல்லில் உரசியோ கிழிந்த வாலில் வெளுப்பு இருக்காது. பஞ்சு போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். நீண்ட வாலுள்ள அலங்கார வகைகளுக்குத் துடுப்பழுகல் எளிதில் வரும்.

2. ஏன் வருகிறது?

இதைச் செய்பவை ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள். இவை எந்தத் தொட்டியிலும் இருப்பவை. திடமான மீனை இவை ஒன்றும் செய்வதில்லை. மீன் தளரும்போதுதான் பிடித்துக்கொள்கின்றன. வலுவிழந்த பயிரில் நோய் ஏறுவதை நாம் வயலில் கண்டிருக்கிறோமல்லவா? இதுவும் அப்படித்தான்.

மீனைத் தளர்த்துவது பெரும்பாலும் கெட்ட தண்ணீரே. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. தொட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அதை மாற்றி மாற்றி நஞ்சு குறைந்த பொருளாக்குகின்றன. குளிரில் அவை மெதுவாகவே வேலை செய்யும். தை, மாசி மாதப் பனியில் நுவரெலியாவில் தண்ணீர் சில்லிட்டுப் போகும். தங்கமீன் குளிர் தாங்கும் இனம்தான். என்றாலும் அப்போது அது குறைவாகவே தின்னும். வழமைபோல் இரை போட்டால் அது அடியில் கிடந்து அழுகும்.

எங்களுக்கும் ஒருமுறை தவறு நேர்ந்தது. தொட்டி நாறுகிறது என்று முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, பீலித் தண்ணீரை நேரே பிடித்து ஊற்றினோம். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. ஆனால் திடீர்க் குளிரில் மீன்கள் தளர்ந்தன. ஒரு கிழமைக்குள் வால் அழுகத் தொடங்கியது. தெளிந்த தண்ணீர் எல்லாம் மீனுக்கு ஏற்ற தண்ணீர் அல்ல என்பதை அன்று கற்றோம்.

3. சிகிச்சை

முதலாவது, தண்ணீரை மாற்றுங்கள். ஒரு நாளில் காற்பங்கு மாத்திரம். புதிய தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து, தொட்டிக்கு அருகில் திறந்து வையுங்கள். குளிர் சமமாகும். நகரக் குழாய் நீரானால் குளோரினும் வெளியேறும். அடியில் கிடக்கும் கசட்டை இறப்பர் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

இரண்டாவது, நோயுற்ற மீனை வேறு பாத்திரத்தில் விடுங்கள். சவர்க்காரம் படாத 20 லீற்றர் பேசின் போதும். முடிந்தால் காற்றுப் பம்பு வையுங்கள்.

மூன்றாவது, உப்பு. லீற்றருக்கு 1 கிராம் வீதம் மூன்று நாட்கள் சேர்த்து 3 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். 20 லீற்றருக்கு நாளொன்றுக்கு 20 கிராம். மூன்று நாளில் மொத்தம் 60 கிராம். கல்லுப்பே நல்லது. கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். வேறு தண்ணீரில் கரைத்த பின்பே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகிப் போவதில்லை. ஆகவே பின்பு தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மாத்திரம் உப்புச் சேருங்கள்.

ஒன்றிரண்டு கிழமையில் வெளுப்பு நின்று, ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் தெரிந்தால் புதிய துடுப்பு வளர்கிறது என்று அறியலாம். குளிரில் இது தாமதமாகும். அழுகல் அடிப்பகுதியை எட்டிவிட்டால் துடுப்பு மீண்டும் வளர்வது அரிது. அதனால்தான் முதல் வெளுப்பிலேயே கவனிக்க வேண்டும்.

மனிதருக்குத் தந்த குளிகையை உடைத்துத் தொட்டியில் போடாதீர்கள். அளவு தெரியாமல் போட்டால் நல்ல நுண்ணுயிர் சாகும். நோய்க்கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அழுகல் நிற்காவிட்டால் அரச மிருக வைத்தியரையோ தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரையோ கேளுங்கள். இச்சபை 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் நிலையம் ஒன்று கினிகத்தேனையிலும் உண்டு.

4. வராமல் காப்பது

* பெரிய மீன் ஒன்றுக்குக் குறைந்தது 40 லீற்றர் தண்ணீர் வேண்டும். தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றை அடியில் பெருக்கி, வரும் விடையை 28ஆல் பெருக்குங்கள், லீற்றர் கிடைக்கும். 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி நீர் என்றால் சுமார் 250 லீற்றர். ஆறு மீனுக்கு அது போதும்.
* இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் இரையே போடுங்கள். தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. சோறும் பாணும் தண்ணீரைக் கெடுக்கும்.
* கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.
* புதிய மீனை மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்பே சேருங்கள்.
* புதிய சீமெந்துத் தொட்டியில் பல தடவை நீர் நிரப்பி இறைத்து, சுண்ணாம்புக் காரம் போன பின்பே மீன் விடுங்கள்.
* 1946 முதல் நமது தேயிலையைத் தாக்கிவரும் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பதுண்டு. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்து கலந்த வாளியை மீன் தொட்டிக்குப் பாவிக்கவே கூடாது. மலையில் மருந்தடித்த பின் மழை பெய்தால், கீழே வரும் பீலித் தண்ணீரையும் சில நாள் தவிருங்கள்.
* கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமிகளில் சில மனிதரின் புண்ணிலும் பற்றும்.

5. குழுவாகக் கலந்துரையாட

அ) நமது தொட்டியில் எத்தனை லீற்றர்? எத்தனை மீன்?
ஆ) நமது தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்கு மேலே யார் என்ன தெளிக்கிறார்கள்?
இ) பிள்ளைகளில் யார் தினமும் மீனைப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் எழுதுவது?

மீன் பேசாது. வால் ஓரத்தின் வெளுப்புத்தான் அது நமக்குச் சொல்லும் செய்தி. இடம் மாறி வந்து, ஒவ்வாத சூழலில் தளர்வது எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். நமது பொறுப்பில் இருக்கும் சிறு உயிருக்கு நல்ல தண்ணீர் கொடுப்போம். ஆண்டவர் நம் கையில் ஒப்படைத்தவற்றுள் அதுவும் ஒன்று.