நித்தியகல்யாணியும் நான் சொன்ன அரைப் பாடமும்



திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால் போனக்காடு வரும். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்வோர் புறப்படும் இடம் அதுவே. நெல்லைச் சீமையிலிருந்து அங்கே கொழுந்து பறிக்க வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது லயத்து வீட்டில். அகத்தியர் பெயரைச் சொல்லி வேரும் பட்டையும் விற்பவர்கள் எங்கள் பக்கம் அடிக்கடி வருவார்கள். ஆகவே மூலிகையின் பெருமையை எனக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மூலிகைக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தூரத்தை நான் வேதியியல் படித்த பின்னும் உடனே அறிந்துகொள்ளவில்லை. அந்தத் தூரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் லயத்து வாசலில் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். அது நம் நாட்டுச் செடி அன்று. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. இடுகாடுகளில் மிகுதியாக வளர்வதால் மலையாள மக்கள் இதனைச் ‘சவக்கோட்டப்பச்ச’ என்றும் அழைப்பர். பிணத்தோடு பெயர் சேர்ந்த இச்செடியே எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்துவருகிறது என்பது வியப்பல்லவா?

1952-ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்து சேர்ந்தன. நீரிழிவுக்கு அங்குள்ள மக்கள் குடிக்கும் கஷாயத்தின் இலை அது. அவர் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை இம்மியும் குறையவில்லை. ஊசி வழியே செலுத்தினார். எலிகள் கிருமித் தொற்றுக் கண்டு மடிந்தன. பிறர் இதைத் தோல்வி என்று எழுதி வைத்திருப்பர். அவரோ, எலிகள் ஏன் கிருமிக்கு இரையாயின என்று ஆராய்ந்தார். அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோய்தானே இரத்தப் புற்று? அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததே வின்பிளாஸ்டின். அவரும் சார்லஸ் பீர் என்பவரும் 1958-இல் அதனைத் தனியே பிரித்தெடுத்து வெளியிட்டனர். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்ணிய குழல்கள் உள்ளே உருவாகும். வண்டியிழுக்கும் கயிறுகள் என்று கொள்க. அக்கயிறு திரிக்கப்படும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, கயிறே உருவாகாதபடி இம்மருந்துகள் தடுத்துவிடுகின்றன. பிரிய முடியாத உயிரணு மாள்கிறது. ஆனால் கயிறு நல்ல உயிரணுவுக்கும் வேண்டும் அல்லவா? ஆகையால்தான் வெள்ளணு குறைவதும், விரல் நுனி மரத்துப்போவதும். வின்கிரிஸ்டினை வயது வந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தமாட்டார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் கிடைக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். பட்டப் படிப்பின் முதலாண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, வாசற்செடியைக் காட்டி, “ஆச்சி, இதிலிருந்துதான் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள்” என்று பெருமையடித்தேன். எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிராம் என்பதைச் சொல்லவில்லை. எந்தப் புற்றுக்கு என்பதையும் சொல்லவில்லை. ஆச்சியின் மார்பில் அப்போதே ஒரு கட்டி இருந்தது; எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. ஆறு மாதம் அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறார். கட்டி புண்ணான பிறகே எங்களுக்குத் தெரிந்தது. “நீதானேய்யா சொன்ன?” என்றார். அதில் குற்றச்சாட்டே இல்லை. அதனால்தான் இன்றும் அது உறுத்துகிறது.

ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களைக் கொன்றது என்று ஒரு சாற்றைப் பற்றிச் செய்தி வந்தால், தோழர்களே, அவசரப்படாதீர்கள். கெட்டியான உப்புக் கரைசலும் தட்டில் புற்றணுவைக் கொல்லும். காம்ப்டோதெசினின் வரலாற்றைப் பாருங்கள். 1966-இல் வால், வானி என்னும் இருவர் சீனத்து மரமொன்றிலிருந்து அதனைக் கண்டெடுத்தனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரமொன்றில் அது உள்ளதென 1972-இல் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் எழுதினர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய அதே டி. ஆர். கோவிந்தாச்சாரிதான். அந்நாளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மருந்தைவிட நஞ்சே மேலோங்கியது. சிறுநீர்ப்பையில் குருதி கசிந்தது. சோதனையை நிறுத்தினர். அது டி.என்.ஏ.யின் முறுக்கை அவிழ்க்கும் ஒரு நொதியைப் பிடிக்கிறது என்று 1985-இல் தெரிந்தது. மூலக்கூற்றைச் சிறிது மாற்றியமைத்தபின், 1996-இல்தான் டோபோடீகானுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்டெடுத்ததற்கும் மருந்தானதற்கும் இடையே முப்பது ஆண்டு! அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக ஓர் இலட்சத்துக்கும் மிகுதியான செடிச்சாறுகளைச் சோதித்தது. தேறியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதனால் காட்டை எவரும் இகழ வேண்டா. ஆச்சிக்கு நகரத்து மருத்துவமனையில் ஏற்றிய பாக்ளிடாக்சல், யூ மரப்பட்டையில் முதலில் கண்டெடுக்கப்பட்டதே. சொட்டுச் சொட்டாக இறங்கும் புட்டியைப் பார்த்துக்கொண்டே, “இது எந்த இலைச்சாறுய்யா?” என்று கேட்டார். இம்முறை முழுப் பாடத்தையும் சொன்னேன். மரம், பட்டை, அளவு, முடி உதிரும் என்பது உட்பட. பாதியில் உறங்கிவிட்டார்.

இப்போது ஆச்சி லயத்து வீட்டில்தான் இருக்கிறார். மூன்று மாதத்துக்கொரு முறை மலையிறங்கி வந்து பரிசோதனை செய்துகொள்கிறார். வாசற்செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். “பூக்கதுக்குத்தானய்யா வச்சேன், இருக்கட்டும்” என்றார்.