பெரிய மேதையையே ஏமாற்றிய எண் 4294967297

 

தலைப்பில் இருப்பது போன் நம்பர் இல்லை. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்ற எண்தான்.

இது எப்படி வந்தது? 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இப்படியே வர்க்கம் எடுத்துக்கிட்டே போனால் 256, 65536, 4294967296 என்று வரும். 2-இல் இருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள்.

3, 5, 17, 257, 65537, 4294967297

இதில் முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது 1-ஆலும் அதே எண்ணாலும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுபடும். பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை ஃபெர்மா இதைப் பார்த்துவிட்டு, 1640-இல் ‘இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்தான்’ என்று நம்பினார். ஆனால் அவரால் அதை நிரூபிக்க முடியவில்லை.

சுமார் 90 வருஷம் கழித்து, 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு மேதை, ஆறாவது எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

641 × 6700417 = 4294967297

641 என்பது 116-ஆவது பகா எண். அவர் 116 தடவையா வகுத்துப் பார்த்தார்? இல்லை. இந்த எண்ணைச் சரியாக வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கோடு 1 கூட்டினதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை வந்துவிடுகிறது!

நான் இதை நம்பாமல் நோட்டில் வகுத்துப் பாத்தேன். ஈவு 67417 என்று வந்தது. ‘புத்தகத்துல தப்பா போட்டுட்டாங்க’ன்னு தங்கச்சிகிட்ட பெருமையாச் சொன்னேன். பிறகு சரிபார்க்க 641-ஆல் பெருக்கினேன். 43214297 வந்தது. கடைசி மூணு இலக்கம் 297 சரியா இருக்கு. ஆனால் 429 கோடி எங்கே, 4 கோடி எங்கே?

தப்பு என்னுடையதுதான். 67 எழுதியதும் மீதி 2. அடுத்த 6-ஐ இறக்கினால் 26. 641 போகாது, ஈவில் 0 போடணும். அடுத்து 7-ஐ இறக்கினால் 267. அப்பவும் போகாது, இன்னொரு 0. நான் இரண்டு பூஜ்யத்தையும் விட்டுட்டேன். பரீட்சையில் நம்மில் நிறைய பேருக்கு மார்க் போவது இந்த இடத்தில்தான். ஈவையும் வகுஎண்ணையும் பெருக்கி, மீதி இருந்தால் அதையும் கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தப்பு தெரிந்துவிடும்.

இன்னொரு ஆச்சரியம்! இன்றுவரை கம்ப்யூட்டரில் தேடியும், இந்த வரிசையில் அந்த ஐந்தைத் தவிர வேறு பகா எண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இனிமேல் கிடைக்காது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நம்மில் ஒருவர் நிரூபிக்கலாமே!

ஐந்து தடவை சரியாக வந்ததால் ஆறாவதும் சரியாக வரும் என்று ஃபெர்மாவே நினைத்துவிட்டார். அதனால் நான் எழுதியதையும் அப்படியே நம்பாதீங்க. ஒரு பேப்பர் எடுத்து 641-ஆல் வகுத்துப் பாருங்க. பூஜ்யத்தை மறந்துடாதீங்க!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி