ரப்பர் புழு ஊத்தப் போறியா தம்பி? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

விரால் பிடிக்கிற ரப்பர் மீன், ரப்பர் புழுவெல்லாம் கடையில வாங்கினா நாலு கடியில வால் போயிடுது, வீட்லயே ஊத்திக்க முடியாதாக்கான்னு கேக்கற தம்பிங்க நம்ம திருப்பூர்ல நிறைய. முடியும் கண்ணு. அதுவும் பனியன் ஊர்க்காரனுக்கு அது புதுச் சரக்கே இல்ல. டி-ஷர்ட்டைத் தடவினா வழுவழுன்னு மேல எழும்பி நிக்கற பிரிண்ட் இருக்கே, அந்த பிளாஸ்டிசால் குடும்பத்துலதான் ரப்பர் புழுவும் பொறக்குது. சட்டையில தைக்கிற பிவிசி பேட்ச் எப்படி அச்சுல ஊத்தி, சூடு காட்டி, ஆறவெச்சு எடுக்கறாங்களோ, கிட்டத்தட்ட அதே வேலை.

பிளாஸ்டிசால்னா பிவிசி பவுடரை பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய்ல கலந்து வெச்ச வெள்ளைத் திரவம். அதுல தண்ணி கிடையாது. அதனாலதான் ராத்திரி முழுக்க பிரிண்டிங் ஸ்கிரீன்ல விட்டு வெச்சாலும் காயாம அப்படியே கிடக்கும். சூடு ஏறினாத்தான் பவுடர் எண்ணெயை உறிஞ்சிக்கிட்டு ஒரே பொருளா மாறும். பிரிண்டுக்கு 160 டிகிரி செல்சியஸ் பக்கம் கேக்கும். புழு ஊத்த 170, 175 வரைக்கும் வேணும். அமெரிக்காவுல நிக் க்ரீம்னு ஒருத்தர் 1949-ல, டயர் கம்பெனிகளுக்குப் பேர்போன அக்ரன் ஊர்ல, தன் வீட்டுக்காரம்மா கோஸ்மாவோட சேர்ந்து சமையலறை அடுப்புலதான் முதல் பிளாஸ்டிக் புழுவை ஊத்தினார். அவங்க சமையலறையில செஞ்சாங்கன்னு நீயும் அம்மா அடுப்படிக்குள்ள போயிடாத. ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஒரு ஆசையை விட்டுடு. பிரிண்டிங் பட்டறையில மிஞ்சின மையைத் தூக்கிட்டு வந்து ஊத்திடலாம்னு தோணும். ஆகாது. அது துணி மேல மெல்லிசா ஒரு படலம் போடறதுக்காகச் செஞ்சது. நிறமும் நிரப்புப் பொருளும் ஏராளம். கனமா ஊத்தினா வளையற உடம்பு வராது. லூர், அதான் இந்த ரப்பர் இரை, ஊத்தறதுக்குன்னே நிறமில்லாத பிளாஸ்டிசால் விக்குது, அதை வாங்கு. வாங்கும்போது தாலேட்ங்கற பிளாஸ்டிசைசர் இல்லாததான்னு கேட்டு வாங்கு. நம்ம ஏத்துமதி பிரிண்டுக்கு பையர் கேக்கற அதே கேள்விதான். டிஇஎச்பி மாதிரி சில தாலேட்டுங்க பிளாஸ்டிக்ல எடைக்கு 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஐரோப்பாவுல சட்டமே இருக்கு. துணிக்கே அத்தனை கெடுபிடின்னா, நீ வெறுங்கையால பிசையற, மீன் வாய்ல போற சாமானுக்கும் பார்க்கணுமில்ல?

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். நிறத்துக்காக பிக்மென்ட் பேஸ்ட்டையோ ரப்பர் பிரிண்ட் பேஸ்ட்டையோ ஒரு சொட்டு கூட விடாத. அதெல்லாம் தண்ணி கலந்த சரக்கு. 170 டிகிரி சூட்டுல இருக்கற பிளாஸ்டிசால்ல தண்ணி விழுந்தா அந்த நிமிஷமே ஆவியாகி எல்லாத்தையும் மேல தெறிக்க வைக்கும். தோல்ல பட்டா எண்ணெய் மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிக்கிட்டே சுடும். நிறம் வேணும்னா லூருக்குன்னு விக்கிற, எண்ணெய்ல கரைச்ச நிறத்தையே வாங்கு. மினுமினுப்புக்கு சூடு தாங்கற பாலியஸ்டர் கிளிட்டர் போடு. மட்டமானதுன்னா சூட்டுல சாயம் விட்டு மொத்தமும் கலங்கிடும்.

இப்ப சூடு. டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கு, பவுடர் அடியில படிஞ்சிருக்கும். இதுக்குன்னே ஒதுக்கின ஒரு சின்ன உலோகப் பாத்திரத்துல 100 மில்லி ஊத்தி, மின்சார ஹாட் பிளேட்ல வெச்சு, மெதுவா ஏத்திக்கிட்டே கிண்டு. நெருப்பு தெரியற அடுப்பு வேண்டாம். பழைய மைக்ரோவேவ் இருந்தா அதையும் வெச்சுக்கலாம், ஆனா அதுக்கு உலோகப் பாத்திரம் ஆகாது, சூடு தாங்கற கண்ணாடிப் பாத்திரம் வேணும்; அப்புறம் அதுல சோறு சுட வைக்கக் கூடாது, எப்பவுமே. கொஞ்ச நேரத்துல அந்த வெள்ளைத் திரவம் கெட்டியாகி உருண்டை உருண்டையாத் திரளும். கெட்டுப் போச்சுன்னு பயந்து நிறுத்திடாத, பாதி வழிதான் வந்திருக்கு. இன்னும் சூடு ஏற ஏற திரும்ப இளகி, வெள்ளை போய், கண்ணாடி மாதிரி தெளியும். தெளிஞ்சதும் ஊத்து. கண்ணளவை நம்பாத, பிரிண்ட் சூட்டைப் பார்க்க பட்டறையில வெச்சிருப்பாங்களே டெம்பரேச்சர் கன், அது மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ. சூடு எல்லை தாண்டினா திரவம் மஞ்சளாகி, பழுப்பாகி, மூக்கைக் குத்தற புகை வரும். அது ஹைட்ரஜன் குளோரைடு, நுரையீரலை அரிக்கற வாயு. அந்த வாடை வந்தா ஸ்விட்சை அணைச்சுட்டு வெளிய போயிடு, சரக்கைக் காப்பாத்தப் பார்க்காத. அதனாலதான் அடுப்படி வேண்டாங்கறேன். மொட்டை மாடியோ திறந்த தாழ்வாரமோ பாரு. தோல் கையுறை, கண்ணாடி, கார்பன் ஃபில்டர் வெச்ச மாஸ்க், முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கோ. துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. குழந்தைங்க பக்கத்துல வரக் கூடாது.

அச்சுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸே போதும். உனக்குப் பிடிச்ச ரப்பர் மீன்ல வாசலின் தடவி, கலவையில பாதி அமுக்கி வை, இறுகினதும் எடுத்துடு. ஆனா அந்த அச்சு உள்ளுக்குள்ள ஈரம் வெச்சிருக்கும். நாலஞ்சு நாள் நல்ல வெயில்ல காயவெச்சு, உள்பக்கம் எப்பாக்ஸி பூசி, அதுவும் முழுசா காஞ்சப்புறம்தான் ஊத்தணும். இல்லைன்னா அச்சுக்குள்ளயே கொதிச்சுக் குமிழ் வரும், தெறிக்கவும் செய்யும். பொறுமை இல்லாதவங்க சூடு தாங்கற சிலிக்கான் ரப்பர்ல அச்சு எடுத்துக்கலாம். செலவு கூட, தலைவலி கம்மி.

ஊத்தும்போது வால் பக்கம் முதல்ல. அங்கதான் மெல்லிசு, திரவம் சூடா இருக்கும்போதே ஓடி நிறையணும். அப்புறம் உடம்பு. ஆறும்போது சுருங்கி நடுவுல குழி விழும், மேல கொஞ்சம் நிரப்பு. கையில எடுக்கற அளவுக்கு ஆறினதும் எடுத்து, ஒரு நாள் தட்டையா, நேரா வெச்சிரு. வளைச்சு வெச்சா அந்த வளைவு அப்படியே தங்கிடும், தண்ணியில நேரா நீந்தாது. சீக்கிரம் மூழ்கணும்னா நல்லா காஞ்ச பொடி உப்புக் கலக்கலாம். கூடிப்போனா சீக்கிரம் கிழியும். எடைக்காக வீட்ல ஈயம் உருக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எடை வெச்ச முள்ளு, அதான் ஜிக் ஹெட், அதை விலைக்கு வாங்கிக்கோ.

சேர்த்து வைக்கும்போது நிறத்துக்கு ஒரு கவர். சிவப்பும் வெள்ளையும் ஒண்ணாக் கிடந்தா வெள்ளை போச்சு. சில கெட்டி பிளாஸ்டிக் டப்பாவை இந்த எண்ணெய் உருக்கி ஒட்டிடும், அதனால ஜிப் கவர்தான் நல்லது.

உண்மையைச் சொன்னா, மாசத்துக்கு ஒருக்கா தூண்டில் எடுக்கறவங்களுக்கு இத்தனையும் தேவையில்ல. கட்டிங் வேஸ்ட்ல பாலியஸ்டர் சிங்கிள் ஜெர்சி துணி எடுத்து, குறுக்குவாட்டுல அரை விரல் அகலத்துக்கு வெட்டி இழு. ஓரம் தானாச் சுருண்டு குழாயாகி, அச்சு அசல் புழு. முள்ளுல ரெண்டு இழை கட்டினா தண்ணியில நல்லாவே ஆடும். காட்டன் எடுக்காத, தண்ணி குடிச்சுத் தொங்கிடும். வாண்டுங்க செஞ்சு பார்க்க இதுதான் சரி. எனக்கென்னமோ ஊத்தினதைவிட இதுதான் நம்மூருக்குப் பொருத்தம்.

இதெல்லாம் வேட்டை மீனுக்கு. விரால், வாளைதான் பாயும். கட்லா, ரோகு திரும்பிக்கூடப் பார்க்காது. பாசிக்குள்ள வீசறதுன்னா முள்முனையை ரப்பர் உடம்புக்குள்ளயே புதைச்சு மாட்டு. உயிர்த் தவளையைக் குத்திப் போடற பழக்கத்துக்கு ரப்பர் எவ்வளவோ மேல். தவளைக்காலு ஏத்துமதியையே 1987-ல நம்ம நாடு நிறுத்திடுச்சு, ஏன்னா வயல்ல பூச்சியைத் தின்ன ஆள் இல்லாம போச்சு. சிவப்பா விரால் குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போனா அங்க வீசாத. தாயும் தகப்பனும் காவல் நிக்கும். எதைப் போட்டாலும் பாயும், பிடிபட்டா குஞ்சு அத்தனையும் போச்சு.

எடம் பார்த்துப் போ. நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம், 2024-ல உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலுக்கும் வந்துடுச்சு. அங்க தூண்டிலோட போகவே கூடாது. அமராவதி அணையில முதலை இருக்கு, கரையில முழங்கால் தண்ணியில நிக்காத. அணையோ ஏரியோ, மீன் உரிமை யார்கிட்டன்னு கேட்டு அனுமதி வாங்கிக்கோ. நொய்யல் ஆத்துல, அதோட ஒரத்துப்பாளையம் அணையில பிடிச்சதைச் சாப்பாட்டுக்கு எடுத்துட்டு வராத. சாயத்தண்ணி விஷயமா 2011-ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஆறு அது.

கிழிஞ்ச ரப்பர் மீனைத் தண்ணியில மட்டும் வீசிடாத தம்பி. அது மக்காது, மீன் முழுங்கினா வயித்துல அடைச்சுக்கும். ஒரு கவர்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வா. துடைச்சு, ஈரம் போகக் காயவெச்சு, திரும்ப உருக்கி ஊத்திக்கலாம்.