39 பேருக்கும் ஒரே முடிவு

1948ஆம் ஆண்டில், அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை நடத்தினார். ஒரு வாரத்திற்குப் பின், அவரவர் பெயர் எழுதிய முடிவுத்தாள் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. அதில் 13 கூற்றுகள் இருந்தன. அவை எவ்வளவு பொருந்துகின்றன என்று ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரிப் புள்ளி 4.26! பின்னர், முதல் கூற்றை உரக்கப் படித்து, இதுபோல் யாருக்கு வந்துள்ளது என்று கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன, வகுப்பே சிரித்தது. அனைவருக்கும் கிடைத்தது ஒரே தாள்! அதிலிருந்தவை பெரும்பாலும் கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து எடுத்தவை.

வெளிப்படாத திறமை உண்டு, சில வேளை கலகலப்பு, சில வேளை ஒதுக்கம் என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? கிளி எடுத்துத் தரும் சீட்டும் இப்படித்தான் மனத்தைக் கவர்கிறது.

அதற்காக எல்லாச் சோதனைகளும் வீண் என்று தள்ளிவிட முடியாது. ஜான் ஹாலண்டின் தொழில் ஆர்வச் சோதனை, ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. இயந்திரங்களைப் பழுதுபார்க்க விருப்பமா, பிறருக்குக் கற்பிக்க விருப்பமா என்று நேரடியாகக் கேட்பதால், முடிவு ஆளுக்கு ஆள் மாறும். எனினும், அது காட்டுவது விருப்பத்தை மட்டுமே, திறனை அன்று. பெற்றோருக்குப் பிடித்த விடைகளைக் குறித்தால், தாளில் தெரிவது பெற்றோரின் விருப்பமே.

நான்காம் படிவத்திற்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், தமக்குப் பொருந்தாத வரிகளுக்குக் கோடிட்டு, அத்தாளுடன் ஆலோசக ஆசிரியரைச் சந்திக்கலாம்.