கிடுகுக் கூரைக்கு எவ்வளவு சரிவு?

உட்துறைமுக வீதியில், எங்கள் முற்றத்தில் கிடுகுக் கொட்டில் போடுகிறோம். மணிலாவில் வேலை செய்த மகன், அங்குள்ள ஓலை வீடுபோல் கூரை நல்ல சரிவாக வேண்டும் என்கிறான். தேவையா?
— வாசகி, திருகோணமலை

தேவைதான் அம்மா. மகன் பார்த்ததைத்தான் சொல்கிறார். பிலிப்பைன்ஸின் 'பஹாய் குபோ' தூண்கள்மேல் நிற்கும், நிப்பா ஓலை வேய்ந்த வீடு. கூரைச் சரிவால் மழைநீர் ஓலையில் ஊறாமல் வழிந்துவிடும். நீங்களும் 45 பாகை வையுங்கள். குறைந்தால் கிடுகு சீக்கிரம் உக்கிவிடும். தண்ணீரில் ஊறப்போட்டுப் பின்னிய கிடுகாகக் கேட்டு வாங்குங்கள். பனையோலை கிடைத்தால் இன்னும் நல்லது, கூடுதல் காலம் உழைக்கும். ஒக்டோபருக்கு முன் வேய்ந்துவிடுங்கள். நமக்கு மாரி வடகிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத் தாழ்வாரத்தை நன்றாக இறக்கி, கைமரங்களைத் தூண்களோடு இறுக்கிக் கட்டுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது.